காட்டாத கல்

மழை நாளில் அரக்கு சீக்கிரம் இறுகிவிடும். தணலில் காட்டி இளக்கி, மரப்பிடியின் தலையில் அப்பி, மோதிரத்தை அதில் அமுக்கி நிறுத்துவதற்குள் ஓரங்கள் விறைத்துக்கொள்ளும். மறுபடியும் தணல், மறுபடியும் ஊதல். சின்னவள் அன்று காலையிலிருந்து அரக்கோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எதிரே தட்டு நிறையக் கண்ணாடிக் கல் மோதிரங்கள். வெள்ளியில் முலாம் பூசியவை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆசையாக வாங்கிப் போட்டு மறு மாதமே தொலைப்பவை. இதற்கு எதற்கு இவ்வளவு பாடு, பசையை வைத்து ஒட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று அண்ணி அடுப்படியிலிருந்து கேட்பாள். கண்ணாடியா வைரமா என்று கல்லைப் பிடிக்கிற கொக்கிக்குத் தெரியாது அண்ணி என்பாள் சின்னவள்.

பட்டறை என்பது வீட்டின் முன்னறைதான். ஜன்னலை ஒட்டி அவளுடைய மேஜை. உட்காருகிற இடத்தில் பிறை மாதிரி வெட்டி, அதன் கீழே தோல் துணி கட்டியிருக்கும். அராவும்போது உதிரும் தூளெல்லாம் அதில் விழும். அறையின் மறு பக்கத்தில் அண்ணனின் மேஜை. இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காருவார்கள். அண்ணன் இப்போது சங்கிலி பற்றவைப்பது, கொக்கி மாற்றுவது, அறுந்ததை ஒட்டுவது மட்டும் செய்கிறான். ஒரு காலத்தில் இந்தத் தெருவில் வைரம் என்றால் அவன் கைக்குத்தான் வரும். இப்போது கல்லைத் தொடுவதில்லை. கல் பதிக்கிற வேலை முழுக்கத் தங்கைக்கு வந்துவிட்டது. வைரம் வருவது நின்றுவிட்டது.

சின்னவளின் மேஜைக்கு மேலே சுவரில் ஓர் ஆணி. அதில் ஒரு தங்க மோதிரம் தொங்கியது. நடுவில் கல் இல்லை. நான்கு கொக்கிகளும் மல்லாந்து விரிந்து, சாப்பாடு கேட்டுக் காத்திருக்கும் குஞ்சின் வாய் போல இருக்கும். அதை அவள் துடைப்பதுமில்லை, இறக்குவதுமில்லை. நிமிர்ந்தால் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான்.

இந்தத் தெருவில் கல் பதிக்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கல்லைப் பொன்னில் உட்கார வைப்பதற்கு முன்னால் உடையவரைக் கூப்பிட்டு, முக்காலியில் உட்கார வைத்து, லென்ஸைக் கையில் கொடுத்து, கல்லில் இருக்கிற குறையை அவர் வாயாலேயே சொல்லவைப்பார்கள். தெருவைச் சேர்ந்த இரண்டு பேர் நின்று கேட்பார்கள். கல் காட்டுவது என்று இதற்குப் பெயர். அதற்குப் பிறகு அந்தக் குறையைக் கொக்கிக்கு அடியில் திருப்பிக் கண்ணுக்குத் தெரியாமல் செய்வது பதிப்பவரின் கெட்டிக்காரத்தனம். மறைப்பதில் தப்பே இல்லை. காட்டாமல் மறைப்பதுதான் தப்பு.

அண்ணன் வாழ்க்கையில் ஒரே ஒரு கல்லைத்தான் காட்டாமல் கட்டினான்.

மூன்று வருஷங்களுக்கு முன்பு ஜவுளிக்கடை அம்மாள் தன் மகனுக்குச் சின்னவளைக் கேட்டு வந்தாள். நிச்சயத்துக்கு எங்கள் வீட்டுப் பழைய வைரம் ஒன்று இருக்கிறது, உங்கள் தங்கை விரலுக்கு நீங்களே கட்டிவிடுங்கள் என்று பொட்டலத்தைக் கொடுத்தாள். அண்ணன் லென்ஸில் பார்த்தான். கல்லின் இடுப்பில், அதாவது மேல் பாதியும் கீழ்ப் பாதியும் சேரும் கூரான ஓரத்தில், நகத்துணுக்கு அளவுக்கு ஓர் உடைசல் இருந்தது. சம்பந்தியாகப் போகிறவளைக் குட்டை முக்காலியில் உட்கார வைத்து, உங்கள் கல்லில் என்ன குறை, நாலு பேர் கேட்கச் சொல்லுங்கள் என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. உடைசலைக் கொக்கிக்கு அடியில் திருப்பினான். தன் சொந்தத் தங்கத்தில், அத்தனை அழகாக, வாயைத் திறக்காமல் கட்டிக் கொடுத்தான்.

நிச்சயம் முடிந்து சில மாதங்கள் கழித்து, சின்னவள் விரலில் இருந்தபோது ஒரு கொக்கி எதிலோ மாட்டி வளைந்தது. கல் லேசாகத் திரும்பியது. உடைசல் வெளியே எட்டிப் பார்த்தது.

ஜவுளிக்கடை வீட்டுக் கூடத்தில் சொந்தக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, நடுவில் ஒரு ஸ்டூலில் சின்னவளை உட்கார வைத்தார்கள். மோதிரமும் லென்ஸும் கைமாறிக் கைமாறிச் சுற்றி வந்தன. பார்த்தவர்களெல்லாம் உச்சுக் கொட்டினார்கள். அது முன்பே இருந்ததுங்க என்றான் அண்ணன். அப்படியானால் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை, யார் முன்னால் காட்டினாய் என்று கேட்டாள் அம்மாள். கல்யாணம் செய்துகொள்ள வேண்டியவன் மின்விசிறி எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதில் கவனமாக இருந்தான். அம்மாள் தலையிலிருந்து ஊசியை எடுத்துக் கொக்கிகளை நெம்பிக் கல்லைக் கழற்றிக்கொண்டு, காலி மோதிரத்தைச் சின்னவளின் மடியில் போட்டாள். சின்னவள் பக்கத்திலிருந்த தண்ணீர்த் தம்ளருக்குக் கை நீட்டினாள்.

"கையை வெச்சுக்கிட்டு சும்மா இரு," என்றாள் அம்மாள். "இன்னொண்ணையும் உடைச்சிடாதே."

எழுந்து போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் இருட்டும்வரை அவள் அந்த ஸ்டூலிலேயே இருந்தாள்.

தெருவுக்கு வந்து சேர்வதற்குள் அந்தப் பேச்சு வளர்ந்துவிட்டது. கல்லை உடைத்தவர்கள் என்பது கல்லை மாற்றியவர்கள் என்று ஆயிற்று. தெருமுனை நகைக்கடை முதலாளி வைர வேலை அனுப்புவதை நிறுத்தினார். நேரில் பார்த்தால் சிரிப்பார், விசாரிப்பார், கண்ணாடிக் கல் தட்டைக் கொடுத்தனுப்புவார். அண்ணன் அதற்கும் தலையாட்டினான். சின்னவள் ஆட்டவில்லை. அவள் உளியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். அராவும்போது அரத்தின் கீழே எந்த முகம் இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். அந்த முகத்திடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் செதுக்கிச் செதுக்கி, தேவையில்லாத சொற்களையெல்லாம் உதிர்த்து, இரண்டே வாக்கியமாக ஆக்கி வைத்திருந்தாள். சொல்ல இடம்தான் கிடைக்கவில்லை.

அந்த மழை நாளில், அரக்கு மறுபடியும் இறுகியபோது, வாசலில் குடையை உதறிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். கை விரல்களின் மடிப்புகளில் வெள்ளை வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. எதிர்வீட்டு மெருகுக்காரர் அனுப்பினார் என்றாள். ஈரத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட மெருகுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டது இவள்தானாம். கட்டுப் போடும்போதே தன் கல்யாணப் பேச்சைச் சொல்லியிருக்கிறாள். அவர் வலியை மறந்து மோதிரத்துக்கு ஆள் சொல்லியிருக்கிறார்.

"கட்டு காயுற வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தார்க்கா," என்று சிரித்தாள் மாவுக்கட்டுக்காரி. "கையைத்தான் அசைக்கக் கூடாதுன்னு சொன்னேன். வாயைச் சொல்ல மறந்துட்டேன்."

அவளுக்கு வேண்டியது கொக்கி இல்லாத மோதிரம். நாளெல்லாம் ஈர மாவும் வலைத்துணியும் சுற்றுகிற கை. கொக்கி இருந்தால் துணி மாட்டும், இழுக்கும், எலும்பு முறிந்து கிடப்பவர் அலறுவார். மேலே ரப்பர் உறை போட்டால் அதுவும் கிழியும். கழற்றி வைத்துவிட்டு வேலை பார்த்தால் தொலைத்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும் என்றாள். சின்னவள் அவளுக்கு விளிம்புக்கட்டு என்றால் என்னவென்று சொன்னாள். கல்லைச் சுற்றி ஒரு தங்கச் சுவர் எழுப்பி, அந்தச் சுவரின் தலையைக் கல்லின் ஓரத்தின் மேல் எல்லாப் பக்கமும் மடக்கிவிடுவது. கொக்கி இருக்காது, எதிலும் மாட்டாது. கல்லின் இடுப்பு முழுக்கத் தங்கத்துக்குள் போய்விடும். சுவரில் இடித்தாலும் தங்கம்தான் அடி வாங்கும்.

"அதேதான்," என்றாள் மாவுக்கட்டுக்காரி. "நாங்க எலும்புக்குப் பண்றதை நீங்க கல்லுக்குப் பண்றீங்க."

பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே இரண்டு கற்கள். பழைய குடும்ப நகைகளிலிருந்து கழற்றியவை. மாமியாராகப் போகிறவர் இரண்டையும் கொடுத்து, பிடித்ததை எடுத்துக்கொள், மற்றதைத் திருப்பிக் கொடு என்றாராம். ஒன்று லேசான மஞ்சள். இன்னொன்று வெள்ளை. விளக்கு வெளிச்சத்தில் கண்ணை நம்பிக் கையால் தீட்டிய காலத்துக் கற்கள். வட்டமும் இல்லாமல் சதுரமும் இல்லாமல், சின்னத் தலையணை போல. நடுவே அடிமுனையைத் தட்டையாக வெட்டியிருந்ததால் மேலிருந்து பார்க்கக் கிணற்றின் அடி மாதிரி ஒரு சிறு வட்டம் தெரிந்தது.

வெள்ளைக் கல்லை இடுக்கியில் எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனவுடன் சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது. விரலில் பல மாதம் போட்டிருந்த கல்லை முகம் போல அடையாளம் தெரியும். திருப்பினாள். அதோ, ஓரத்தில் அந்த நகத்துணுக்கு.

அவள் ஒன்றும் சொல்வதற்கு முன்னால் மாவுக்கட்டுக்காரியே சொன்னாள். "அதுல ஒரு ஓரத்துல உடைசல் இருக்குக்கா. அத்தை முன்னாடியே சொல்லிட்டாங்க. அவங்க அம்மா காலத்துலேருந்தே இருக்காம். பாட்டியம்மா கதவுல இடிச்சுக்கிட்டாங்களாம். மூடிக் கட்டினா தெரியாதுன்னாங்க."

அறையின் மறு பக்கத்தில் அரத்தின் சத்தம் நின்றது.

சின்னவள் இடுக்கியைக் கீழே வைத்தாள். தோல் துணியில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு, அத்தை வீட்டில் என்ன தொழில் என்று விசாரித்தாள். ஜவுளிக்கடை என்றாள் பெண். இந்த அக்காவைப் பற்றி அத்தையிடம் சொல்லியிருக்கிறாளா என்று சின்னவள் கேட்டாள். தெருப் பெயரை அத்தை கேட்கவில்லை, ஒரு பெண்பிள்ளை கட்டுகிறாள் என்றதும் காலம் மாறிவிட்டது என்று மட்டும் சொன்னாராம்.

பிறகுதான் விஷயம் கையை விட்டுப் போகப் பார்த்தது. மாவுக்கட்டுக்காரி மஞ்சள் கல்லை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே, நிறம் மட்டுத்தான் என்றாலும் இது முழுசாக இருக்கிறதே, உடைந்ததை எதற்குப் போட்டுக்கொள்ள வேண்டும், இதையே எடுத்துக்கொள்கிறேன் என்றாள். வெள்ளைக் கல் திரும்ப அந்த வீட்டு அலமாரிக்குப் போனால் அது இன்னொரு முறை வெளியே வராது. இன்னும் மூன்று வருஷமோ முப்பது வருஷமோ, அண்ணனும் தங்கையும் கல்லை மாற்றியவர்களாகவே இருப்பார்கள்.

சின்னவள் இரண்டு கற்களையும் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். மழை வெளிச்சத்தில் அவற்றைக் காட்டினாள். மஞ்சள் கல் அங்கே பழைய சீசாத் துண்டு போல மங்கிக் கிடந்தது. வெள்ளைக் கல்லை மேஜையின் நிழலுக்குள் கொண்டுபோனபோது, அது இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் இழுத்துக்கொண்டு ஊதாத தணல் போல உள்ளிருந்து கனன்றது. இப்போதைய கற்கள் கடை விளக்கில் மினுக்கும், இவை வீட்டு இருட்டுக்குச் செய்தவை என்றாள். மெலிந்த இடுப்புள்ள கல்லுக்கு விளிம்புக்கட்டை விடப் பத்திரமான இடம் கிடையாது, உடைசல் வருகிற இடத்தில் அடித்தங்கத்தை மயிரிழை தோண்டிவிட்டால் அழுத்தமே படாது என்றாள். எல்லாம் உண்மை. ஒரு பொய்யும் அவள் சொல்லவில்லை. ஆனால் எதற்காக அவ்வளவு அழகாகச் சொன்னாள் என்பது அண்ணனுக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.

"எனக்கு எதையாவது ஒட்டவெச்சா மனசு அதுமேல போயிடும்," என்று வெள்ளையைத் தேர்ந்தெடுத்தாள் மாவுக்கட்டுக்காரி. "தொழில் அப்படி."

அதற்குப் பிறகு சின்னவள் வழக்கத்தைச் சொன்னாள். கட்டுகிற அன்று கல்லுக்கு உடையவர் வர வேண்டும், லென்ஸில் பார்த்துக் குறையைச் சொல்ல வேண்டும், சொல்லாமல் இந்தத் தெருவில் யாரும் கட்ட மாட்டார்கள். இப்போது இது என் கல்தானே என்று பெண் கேட்டாள். விரலில் ஏறும்வரை அத்தை கல்தான் என்றாள் சின்னவள்.

இரவுச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது முட்டை ஆறிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. அண்ணி விஷயத்தைக் கேட்டு முதலில் சிரித்தாள். அந்த அம்மாள் தன் வாயால் தானே மாட்டிக்கொண்டது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பிறகு சிரிப்பு அடங்கி, பாவம் அந்தப் பெண் என்ன செய்தாள், நாளைக்கு அந்த வீட்டில் போய் வாழ வேண்டியவள் என்றாள்.

"அவளுக்கு நல்ல மோதிரம் கிடைக்கும் அண்ணி. இந்தத் தெருவுலயே நல்ல மோதிரம்."

அண்ணன் தட்டைப் பார்த்தபடி விட்டுவிடு என்றான். முடிந்து போனதைக் கிளற வேண்டாம், கல்லைத் திருப்பிக் கொடுத்துவிடு, நான் வாய் திறக்காமல் இருந்ததுதானே எல்லாவற்றுக்கும் காரணம் என்றான்.

"ஆமா, நீ திறக்கல," என்றாள் சின்னவள். "அதனால அவங்க திறக்கட்டும்."

மறுநாள் காலை அவள் ஆணியிலிருந்து காலி மோதிரத்தை இறக்கினாள். அது தொங்கிய இடத்தில் சுவரில் ஒரு வெளிறிய வளையம் இருந்தது. மோதிரத்தைத் தங்கம் உருக்கும் மண்குகைக் கிண்ணத்தில் போட்டு ஊதுகுழலை வைத்தாள். நான்கு கொக்கிகளும் முதலில் தலை குனிந்தன. பிறகு எல்லாம் ஒரு மஞ்சள் துளியாகச் சுருண்டு நின்றது. அண்ணி கதவோரம் நின்று, இது அடுக்குமா என்று கேட்டாள். பழைய கல்லின் இடுப்பு மெல்லியது, கடினத் தங்கத்தை அதன் மேல் மடக்கினால் உடையும், இது மாற்றுக் குறையாத இளகின தங்கம், இதைவிடப் பொருத்தமானது வெளியே கிடைக்காது என்றாள் சின்னவள். அதுவும் உண்மைதான். அண்ணி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உன்னோட சண்டை போட என்னால் ஆகாது என்று உள்ளே போனாள்.

கம்பி இழுத்து, வளைத்து, பற்றவைத்து, கல்லுக்கு அளவாகச் சுவர் எழுப்பி முடிக்கும்வரை மழை விட்டு விட்டுப் பெய்தது. சின்னவள் அந்த நாட்களில் அதிகம் பேசவில்லை. மெருகுக்காரர் மாவுக் கையை ஏந்திக்கொண்டு தினமும் வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறாயே, உனக்கே நிச்சயமா தங்கச்சி என்று கேலி செய்தார். இது எந்தக் கல் என்று அவருக்குத் தெரியாது. சின்னவளும் சொல்லவில்லை.

கல் காட்டுகிற அன்று தூறல். மெருகுக்காரர் முதல் ஆளாக வந்து நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். இரண்டாவது சாட்சிக்கு அண்ணி போய் நகைக்கடை முதலாளியைக் கூட்டிவந்தாள். பழைய வைரம் ஒன்று வந்திருக்கிறது என்று சொன்னதால் அவர் குடையை மடக்காமலேயே வந்துவிட்டார். அண்ணன் எழுந்து போக நினைத்தான் போலிருக்கிறது. பாதி எழுந்தவன், தங்கை திரும்பிப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டான். முதுகுதான் தெரிந்தது.

மாவுக்கட்டுக்காரி உள்ளே வந்தாள். பின்னாலேயே புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜவுளிக்கடை அம்மாள் வந்தாள். அண்ணனின் முதுகைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றாள்.

"இங்கயா?" என்றாள்.

"தெரியுமா அத்தை?" என்று கேட்டாள் பெண்.

"முன்ன ஒரு தடவை வந்திருக்கேன்."

"வாங்கம்மா," என்றாள் சின்னவள். "உட்காருங்க." பல மாதங்கள் அத்தை அத்தை என்று வாய் நிறையக் கூப்பிட்டவள், எந்த வாடிக்கைக்காரரையும் கூப்பிடுகிற குரலில் அம்மா என்றாள். குட்டை முக்காலியைக் காலால் நகர்த்தி வைத்தாள். அம்மாள் மருமகளைப் பார்த்தாள், முதலாளியைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். திரும்பிப் போக வேண்டுமென்றால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும். உட்கார்ந்தாள். உயரமான அம்மாள். முழங்கால் நெஞ்சுக்கு வந்தது.

அண்ணி எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். அம்மாள் பக்கத்திலும் ஒரு தம்ளர் வைத்தாள். குடியுங்கள் என்று சொல்லவில்லை.

சின்னவள் கல்லை வெள்ளைக் காகிதத்தில் வைத்து லென்ஸை நீட்டினாள். அம்மாள் குனிந்து பார்த்தாள். நிறம் கொஞ்சம் கம்மி என்றாள். நடுவில் ஒரு புள்ளி என்றாள். பட்டை தீட்டியது ஒரு பக்கம் தூக்கல் என்றாள். முதலாளி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"இன்னும்?" என்றாள் சின்னவள்.

"அவ்வளவுதான்."

"நல்லா பாருங்கம்மா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"எனக்கும் இல்ல," என்றார் மெருகுக்காரர். "இந்தக் கையை வெச்சுக்கிட்டு எங்க போறது?"

யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவர் சின்னவளின் முகத்தைக் கவனித்தார். டீயைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஓரத்துல ஒரு சின்ன உடைசல் இருக்கு," என்றாள் அம்மாள் கடைசியில்.

"எப்ப இருந்து?"

அம்மாள் லென்ஸைத் துடைத்தாள். ஞாபகமில்லை என்று சொல்வதற்காக வாயைத் திறந்தாள். அதற்குள் மாவுக்கட்டுக்காரி, உதவி செய்கிற நினைப்பில், எடுத்துக் கொடுத்தாள். "உங்க அம்மா காலத்துலேருந்துன்னு சொன்னீங்களே அத்தை. கதவுல இடிச்சுக்கிட்டதுன்னு."

"உடையவங்க சொல்லணும்," என்றாள் சின்னவள். "அதான் வழக்கம்."

அம்மாளின் கழுத்து சிவந்திருந்தது. "எங்க அம்மா காலத்துலேருந்து," என்றாள், முக்காலியிடம் சொல்வது போல.

"முதலாளிக்குக் கேட்டிருக்காது."

"எங்க அம்மா காலத்துலேருந்தே இருக்கு."

"கேட்டுச்சு," என்றார் முதலாளி. அவர் அம்மாளைப் பார்க்கவில்லை. அண்ணனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேஜையில் இருந்த கண்ணாடிக் கல் தட்டைப் பார்த்தார். அதன் பிறகு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தன் குடையின் முனையைப் பார்த்தார்.

மாவுக்கட்டுக்காரி ஒன்றும் முட்டாள் இல்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு அத்தையின் முகத்துக்குத் திரும்பி வந்தாள். "முன்னாடி பேசின பொண்ணு கல்லை உடைச்சிட்டா, அதான் வேண்டாம்னு வந்துட்டோம்னு சொன்னீங்களே அத்தை. அது எந்தக் கல்லு?"

அம்மாள் லென்ஸைக் காகிதத்தில் வைத்தாள்.

"இந்தக் கல்லுதான்," என்றாள் சின்னவள். "பொண்ணு நான்தான்."

அம்மாள் முக்காலியிலிருந்து எழுந்தாள். முழங்கால் சட்டென்று நிமிர மறுத்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இப்பப் போதுமா? கூப்பிட்டு வெச்சு அவமானப்படுத்தியாச்சு. கல்லைக் கொடு. நாங்க வேற இடத்துல கட்டிக்கிறோம்."

"யார் விரல்ல போடப் போறாங்களோ அவங்க கேக்கட்டும், கொடுக்கிறேன்," என்றாள் சின்னவள். பெண்ணின் பக்கம் திரும்பினாள். "இன்னொண்ணும் சொல்லிடறேன். உங்க அத்தை கல்லைக் கழட்டிக்கிட்டு என் மடியில தூக்கிப் போட்ட மோதிரத்தை உருக்கித்தான் இதைச் செஞ்சிருக்கேன். எங்க அண்ணன் போட்ட தங்கம். வேண்டாம்னா வேற தங்கத்துல செஞ்சு தரேன்."

"பழசை உருக்கியா என் மருமகளுக்கு?" என்றாள் அம்மாள்.

"கல்லும் பழசுதானேம்மா."

மாவுக்கட்டுக்காரிக்கும் கோபம் இருந்தது. அது அத்தை மேலா, தன்னை இப்படி நடுவில் நிறுத்திய அக்கா மேலா என்று சொல்ல முடியவில்லை. இருவர் மேலும் இருந்திருக்கலாம். விரல் மடிப்பிலிருந்து காய்ந்த மாவைச் சுரண்டினாள்.

"சுத்தமான தங்கம்தானே?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அப்ப கட்டுங்க." பிறகு அத்தையிடம், குரலை உயர்த்தாமல் சொன்னாள். "நீங்க உட்காருங்க அத்தை. முடியுற வரைக்கும் உடையவங்க இருக்கட்டும்."

அம்மாள் மறுபடியும் உட்கார்ந்தாள்.

சின்னவள் அரக்கைத் தணலில் காட்டினாள். அன்று அது சொன்னபடி கேட்டது. மோதிரத்தை அதில் நிறுத்தினாள். மெழுகுக் குச்சியின் நுனியால் கல்லைத் தொட்டுத் தூக்கித் தங்கச் சுவருக்குள் இறக்கினாள். உடைசலை, அடியில் மயிரிழை தோண்டி வைத்திருந்த இடத்துக்கு நேராகத் திருப்பினாள். தள்ளு உளியை எடுத்தாள். முதலில் வடக்கே ஒரு அழுத்தம், அடுத்து நேர் எதிரே தெற்கே, பிறகு கிழக்கு, பிறகு மேற்கு. ஒரு பக்கமே தள்ளினால் கல் சாய்ந்துவிடும். நான்கு திசையும் பிடித்த பிறகு இடைவெளிகள். தங்கம் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தலை சாய்த்துக் கல்லின் ஓரத்தில் படிந்தது.

உடைசலுக்குப் பக்கம் வந்தபோது அவள் கை நின்றது. உளி ஒரு மயிர் வழுக்கினால் போதும், அந்த வீட்டுப் பெருமை இரண்டாகப் பிளந்து காகிதத்தில் கிடக்கும். அதை அந்த அம்மாள் முன்னாலேயே செய்யலாம். பழைய கல், உங்கள் எதிரேதானே கட்டினேன் என்று கையை விரிக்கலாம். எத்தனையோ நாள் இதை நினைத்து அவள் தூங்கியிருக்கிறாள். ஆனால் கல் உடைந்தால் அந்த அம்மாள் சொன்னது உண்மையாகிவிடும். அதனால் இந்தக் கல் உடையவே கூடாது. இந்தப் பெண்ணுக்குப் பேத்தி பிறந்து, அந்தப் பேத்திக்குப் பேத்தி பிறந்தாலும் உடையக் கூடாது.

வெளிச்சம் நகர்ந்து சரியான இடத்தில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் எழுந்து வந்து விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்த அம்மாளுக்கு எதிரே, முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"அந்த இடத்துல சாய்ச்சுத் தள்ளு," என்றான். "நேரா வேண்டாம்."

அவள் சாய்த்துத் தள்ளினாள். தங்கம் மூடிக்கொண்டது.

மெருகுக் கம்பியால் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். எங்கே தங்கம் முடிந்து எங்கே கல் தொடங்குகிறது என்று நகத்தால் தடவினாலும் தெரியாத அளவுக்கு இழைந்துவிட்டது. அரக்கைச் சூடாக்கி மோதிரத்தை விடுவித்தாள். ஸ்பிரிட்டில் அலசினாள். துணியில் ஒற்றி, வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்தாள். தூறல் வெளிச்சத்தில் அது யாரையும் பார்க்காமல் தனக்குள் கனன்றது. மெருகுக்காரர் நல்ல கையால் மாவுக் கையைத் தட்டினார். முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, கடையில் இரண்டு வைர வேலை கிடக்கிறது, நாளைக்கு அனுப்பட்டுமா என்று அண்ணனைக் கேட்டார்.

"தங்கச்சியைக் கேளுங்க," என்றான் அண்ணன்.

"நீங்களே கொண்டு வாங்க," என்றாள் சின்னவள். "காட்டிட்டுத்தான் கட்டுவேன்."

ஜவுளிக்கடை அம்மாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்துவிட்டது, இனி எழுந்து போய்விடலாம் என்று நினைத்திருப்பாள். தன் வீட்டுக் கல் அல்லவா. காகிதத்தின் மேலிருந்த மோதிரத்தை எடுக்கக் கை நீட்டினாள்.

சின்னவள் தலையைத் தூக்கவில்லை. உளியைத் துடைத்துக்கொண்டே, மெதுவாக, மரியாதையாகச் சொன்னாள்.

"கையை வெச்சுக்கிட்டு சும்மா இருங்கம்மா. இன்னொண்ணையும் உடைச்சிடாதீங்க."

நீட்டிய கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு மடிக்குத் திரும்பியது. இன்னொரு கை அதை மூடிக்கொண்டது. மாவுக்கட்டுக்காரி மோதிரத்தைத் தானே எடுத்து விரலில் போட்டு, கையை மடக்கி விரித்துப் பார்த்தாள். தன் கைக்குட்டையை அதன் மேல் இழுத்துப் பார்த்தாள். எங்கும் மாட்டவில்லை.

சின்னவள் கண்ணாடிக் கல் தட்டைத் தன் பக்கம் இழுத்து அடுத்த மோதிரத்தை எடுத்தாள். அண்ணன் அவளுக்காக அரக்கைத் தணலில் காட்டினான். வெளியே மழை விட்டிருந்தது. அம்மாளின் டீயில் ஆடை படர்ந்திருந்தது. அவள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகலாம் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.